ரேவதியின் பத்தியை அழித்தது நான்தான்

அடுத்த அறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிற என் மகனுக்கு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து உன் அம்மா எழுதுவது.

பத்தடி தூரத்தில் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்லத்தான் நேற்று சாயங்காலத்திலிருந்து நாலு தடவை உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். முதல் தடவை, "காபி வேணுமாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை, "இவ்ளோ புக்கையும் தூக்கினு போயி இன்னா, அடுக்கி வெச்சு மேல பாய் போட்டுப் படுத்துக்கப் போறியா?" என்றேன். மூன்றாவது தடவை ஒன்றுமே பேசாமல் உன் சட்டை இரண்டை மடித்து வைத்துவிட்டு வந்தேன். அதில்தான் உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலாவது தடவை நீயே நிமிர்ந்து, "இன்னாம்மா, ஒரு எடத்துல நிக்காம சுத்திக்கினே இருக்கே?" என்று கேட்டாய். "என் வூடு, நான் சுத்துறேன், உனக்கின்னா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வாய் அப்படி. உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதற்கு எங்கிருந்தோ ஒரு கிண்டல் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். விரலுக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. எழுத்தைத் தேடவே அதற்கு நேரம் சரியாக இருக்கிறது.

நாளைக்கு நீ கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறாய். புது காலேஜ், நல்ல வேலை, எனக்கும் சந்தோஷம். ஆனால் பழைய காலேஜுக்குத் திங்கட்கிழமைக்குள் பிள்ளைகளின் மார்க்கைப் போட்டு அனுப்ப வேண்டும், பஸ்ஸில் உட்கார்ந்தே போட்டுவிடுவேன் என்று அப்பாவிடம் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரேவதி என்கிற பெண்ணுக்கு நீ போடப்போகிற மார்க் தப்பு. "ஆரம்பத்துல ரெண்டு நாள் எழுதுச்சு, அப்புறம் ஒரு மாசமா ஒரு வரி இல்ல" என்று நீ சொன்னது நிஜம்தான். அவள் நிறுத்தியதற்குக் காரணம் அவள் இல்லை. நான்.

சொல்லிவிட்டேன். இனிமேல் நிதானமாகச் சொல்கிறேன். நிதானம் என்பது என்னிடம் கம்மி, இருந்தாலும் முயற்சி பண்ணுகிறேன். இதை உன் வகுப்புப் பிள்ளைகளும் படிப்பார்கள், அது ஏன் என்று பின்னால் வரும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நான். நீ வேங்கிக்கால் பக்கத்துக் காலேஜில் பொருளியல் வாத்தியார் ஆனபோது, "நம்ம வூட்டுல அரிசி எவ்ளோ இருக்குன்னு சொல்லத் தெரியாதவன் ஊருக்கெல்லாம் பொருளியல் சொல்றான்" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து இதே அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"அம்மா, இதப் பாரு. இதுக்குப் பேரு விக்கி."

"எந்த ஊருப் பொண்ணுடா?"

"அம்மா! ஒரு நிமிஷம் வாய மூடினு கேளு. இது ஒரு பக்கம். என் கிளாஸ்ல யார் வேணா இதுல எழுதலாம். ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் திருத்தலாம். யாரு, எப்ப, இன்னா சேத்தாங்க, இன்னா எடுத்தாங்கன்னு எல்லாம் பின்னாடி பதிவாயிடும். எல்லாரும் சேந்து ஒரு பொஸ்தகம் எழுதுற மாதிரி."

"நல்லா எழுதினவன் ஒருத்தன், பேரு முப்பது பேருக்கா?"

"அதுக்குத்தான் பதிவு இருக்குதே. யாரு சும்மா இருந்தான்னு தெரிஞ்சிடும்."

கிரிவலப் பாதையில் என்னென்ன தொழில் செய்து மக்கள் பிழைக்கிறார்கள் என்று உன் பிள்ளைகள் எழுதப் போகிறார்கள் என்றாய். பூக்காரர்கள் ஒரு பக்கம், செங்கம் ரோட்டில் வாடகைக்கு ரூம் விடுகிறவர்கள் ஒரு பக்கம், ஆட்டோக்காரர்கள் ஒரு பக்கம், பௌர்ணமிக்கு அன்னதானம் சமைக்கிற எங்களைப் போன்ற செட்டுக்காரர்கள் ஒரு பக்கம். ஊர்க்காரர்களும் கணக்குத் திறந்து எழுதலாம் என்று சொன்னாய். திருத்து என்று போட்ட இடத்தை எப்படி அமுக்குவது, அமுக்கி முடித்துச் சேமி என்று எப்படிக் கொடுப்பது, கீழே இருக்கிற சின்னக் கட்டத்தில் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டினாய். நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் தெரியுமா? எட்டாவது படிக்கும்போது நீ ஒரு கவிதை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாய். மழையைப் பற்றியோ என்னவோ. நான் அதை வாங்கி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செட்டுப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் ராகம் போட்டுப் படித்தேன். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், வெங்காயத்துக்குப் பாதி, கவிதைக்குப் பாதி. நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் நீ எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நான் பார்க்கவில்லை. காலேஜில் பரிசு வாங்கிய கட்டுரையைக்கூட உன் அப்பாதான் உன் பையில் இருந்து எடுத்துக் காட்டினார். இத்தனை வருஷம் கழித்து நீயாக எடுத்து வந்து என்னிடம் காட்டியது அந்த விக்கிதான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

இரு, குக்கர் கத்துகிறது. வந்துவிட்டேன்.

நான் தலைவியாக இருக்கிற எங்கள் சமையல் செட்டில் ஒரு விதி உண்டு, உனக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஓர் அண்டாவில் ஏழெட்டுப் பேர் கை வைக்கிறோம். ஒருத்தி துடுப்புப் போட்டுக் கிண்டுவாள், கை ஓய்ந்தால் இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். அதனால் எதைப் போட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மஞ்சத்தூளுக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உப்புக்குச் சொல்லியே ஆக வேண்டும். "உப்பு போட்டாச்சு" என்று மூணு தடவை கத்த வேண்டும், மற்றவர்கள் "ஆச்சு" என்று பதில் கொடுக்க வேண்டும். நீ அந்தச் சின்னக் கட்டத்தைக் காட்டியதுமே நான், "அடேய், இது உப்பு போட்டாச்சுடா!" என்று சொன்னேன். நீ அதை மறுநாள் வகுப்பில் போய்ச் சொன்னதாகவும், பிள்ளைகள் அப்போதிருந்து அந்தக் கட்டத்துக்கு உப்புக் கட்டம் என்று பேர் வைத்துவிட்டதாகவும் வந்து சொன்னாய். எனக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவளே அதை மீறியவள் என்பது உனக்குத் தெரியாது.

அது நீ அந்தக் காலேஜில் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷத்து ஒரு பௌர்ணமி. மத்தியானச் சமையல். சாம்பார் சாதம் ஓர் அண்டா. நான்தான் உப்பை அள்ளிப் போட்டேன். போட்டுக்கொண்டே, புதுசாகக் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டு வந்திருந்த ஒருத்தியைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். சிரிப்பில் கத்த மறந்துவிட்டேன். பிறகு அடுத்த அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். துடுப்பை வாங்கிய பச்சையம்மா, யாரும் கத்தாததால் இன்னும் உப்பு விழவில்லை என்று நினைத்து அவள் பங்குக்கு அள்ளிப் போட்டு, விதிப்படி மூணு தடவை கத்தினாள். நான் தூரத்தில் இருந்து "ஆச்சு" என்றுகூடச் சொன்னேன். யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது.

பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றி வந்தவர்கள் கையில் தொன்னையோடு வரிசையில் நின்றார்கள். முதல் வாய் வைத்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பார்த்தார். வெறும் சோறு கலந்து பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை. அன்னதானத்துக்குப் பணம் கொடுத்த கொடையாளி ஓடி வந்து, "யாரு உப்பு போட்டது?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. பச்சையம்மா, "நான்தான் போட்டேன், கத்தினேனே" என்றாள். நான் பேசாமல் நின்றேன். அப்புறம், நான் பேசாமல் நின்றதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, "அவ கைக்குக் கடலே பத்தாதுங்க" என்று ஒரு ஜோக் அடித்தேன். கொடையாளிகூடச் சிரித்துவிட்டார். கோபம் அடங்கிவிட்டது. எல்லோரும், "எப்படிச் சமாளிச்சா பாரு" என்று என்னை மெச்சினார்கள். பச்சையம்மா அடுத்த பௌர்ணமிக்கு வரவில்லை. வேறு செட்டில் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு தடவை அவளைச் சந்தையில் பார்த்தேன். "ஏண்டி, துடுப்ப வாங்கும்போது உப்பு போட்டியான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கறதுக்கின்னா?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். அவள் சொன்னாள்: "உன்ன எப்படிக்கா கேக்கறது? கேட்டா, ஏன் உனக்கு நாக்கு இல்லியான்னுவ. பத்துப் பேரு சிரிப்பாங்க. பேசாம போட்டுட்டேன்." அதற்கும் நான் ஏதோ கிண்டலாகத்தான் பதில் சொன்னேன்.

இப்போது ரேவதிக்கு வருகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். வகுப்பில் வாயே திறக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் அன்னதானச் சமையல் பக்கத்தை எடுத்துக்கொண்டு, செட்டு செட்டாகப் போய் விசாரித்து எழுதியிருக்கிறது. அவள் பேசியவர்களில் பச்சையம்மாவும் ஒருத்தி. ஒரு நாள் நீ குளிக்கப் போயிருந்தாய். லேப்டாப் மேஜை மேல் திறந்து கிடந்தது. எங்கள் செட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அண்டா எத்தனை வகை, விறகு எங்கிருந்து வருகிறது, எல்லாம். கடைசிக்கு முந்தின பத்தி இது. எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

'சமையல் செட்டில் உப்புப் போடுகிறவர் அதை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு பௌர்ணமி அன்று ஒரு செட்டின் தலைவி சொல்லாமல் போட்டதால் உப்பு இரண்டு முறை விழுந்தது. ஓர் அண்டா சாதம் வீணானது. பழி உடன் சமைத்தவர் மீது விழுந்தது. அவர் அந்தச் செட்டை விட்டு விலகினார். சொல்லாமல் செய்கிற வேலை சேர்ந்து செய்கிற வேலை ஆகாது என்று அவர் கூறுகிறார்.'

பேர் போடவில்லை. ஊர் போடவில்லை. தலைவி யார் என்று பச்சையம்மா அந்தப் பெண்ணிடம் சொல்லவே இல்லை என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதில் என் மூஞ்சி போட்டோ ஒட்டியிருப்பதுபோல இருந்தது. உன் முப்பது பிள்ளைகளும், உன் காலேஜும், நீயும் அதைப் படிப்பதாக நினைத்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே திருத்து என்பதை அமுக்கினேன். அந்தப் பத்தியை மட்டும் நீல நிறமாக்கி அழித்தேன். சேமி கொடுத்தேன். உப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன். நீ தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நீ "வாசன நல்லா இருக்கு" என்றாய்.

உன் கண்ணிலிருந்து மறைத்ததாகத்தான் நினைத்தேன். பதிவில் உன் பேர் விழும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. லேப்டாப் உன்னுடையது, உள்ளே நுழைந்திருந்த பேரும் உன்னுடையது. அவள் எழுதிய பத்தியை அவள் வாத்தியாரே, ஒரு வார்த்தை காரணம் சொல்லாமல் வெட்டிப் போட்டார் என்று அது முப்பது பேருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. காட்டிக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முந்தின வாரம் வரைக்கும் அந்த விக்கி எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். பேச்சுப் பக்கத்தில் என்ன கூச்சல்! செங்கம் ரோட்டு ஆட்டோக்காரர்கள் வெளிநாட்டுக்காரர்களிடம் ஜாஸ்தி கேட்கிறார்கள் என்று ஒரு பையன் எழுதியதைப் படித்துவிட்டு உன் அப்பா, ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், "எவன் எழுதினான், பேர சொல்லு" என்று துள்ளினார். நீ அவருக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாய். அவர் பேச்சுப் பக்கத்தில், 'ஆட்டோ ஓட்டுகிறேன். தம்பி எழுதியது பாதி உண்மை. மீதிப் பாதியை ஸ்டேண்டுக்கு வந்து கேட்கவும்' என்று போட்டார். அந்தப் பையன் நிஜமாகவே ஸ்டேண்டுக்கு வந்தான், கேட்டான், போய்த் திருத்தினான். உன் அப்பாவுக்குக்கூடத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை பார்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. "அடுத்தவன் எழுதினத நான் எப்படி சார் மாத்துறது, தப்பா நினைச்சுக்குவான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள் என்றாய். "சார், நீங்களே பாத்துச் சொல்லிடுங்க, அப்புறம் போடுறோம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள் என்றாய். கடைசி நாளில் நாலு பேர் எங்கிருந்தோ காப்பியடித்து ஒரே மூச்சில் கொட்டினார்கள். நீ சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இதெல்லாம் நம்ம பசங்களுக்குச் சரிப்படாதும்மா. டிக்டேட் பண்ணாத்தான் எழுதுவானுங்க. அங்க போனா பழையபடி நோட்ஸ்தான்" என்று சொன்னாய். நான் உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். எனக்குத் தெரிந்த உண்மையை விழுங்கிவிட்டுக் குழம்பு ஊற்றினேன்.

நீ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்கிறது. எத்தனை பெட்டிடா? லேப்டாப்பை உள்ளே போட்டுவிடாதே, சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ரேவதி நம் வீட்டுக்கே வந்தாள். ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் உன் கையெழுத்து வேண்டுமாம். நீ இல்லை. எனக்கு அவள் யார் என்று தெரியாது, அவளுக்கும் நான் உன் அம்மா என்பதற்கு மேல் தெரியாது. காபி கொடுத்து, "எங்கூட்டு வாத்தியாரு கிளாஸ்ல தூங்க வெப்பாரா, தூங்குவாரா?" என்று கேட்டேன். சிரித்தாள். அப்புறம் பேர் சொன்னாள்.

"விக்கில நல்லா எழுதினியாமே?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. புண்ணைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான்.

"எழுதினேன்மா. ஒரு பத்திய சார் எடுத்துட்டாரு."

"ஏனாம்?"

"சொல்லல. சார் எடுத்தார்னா காரணம் இருக்கும்மா. நான்தான் ஏதோ தப்பா எழுதியிருப்பேன். எது தப்புன்னு தெரியல, அதான் மேல எழுதல."

கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் உன்மேல் சந்தேகமே படவில்லை. மொத்தத்தையும் தன்மேல் போட்டுக்கொண்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் செய்த எதிலும் உப்பு இல்லை என்று உன் அப்பா சொன்னார்.

அவரிடம் மட்டும் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இத என்கிட்ட ஏன் சொல்ற? அந்தப் பொண்ணுகிட்ட போயி சொல்லு" என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்கும் நான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். நீ பஸ்ஸில் உட்கார்ந்து மார்க் போடுவதாகச் சொன்ன பிறகுதான் எனக்குக் கால் கிளம்பியது.

நேற்று காலையில் செட்டு வேலை என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து விசாரித்துக்கொண்டே போனேன். வீட்டு முன்னால் அவளும் அவள் அம்மாவும் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியில் இருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் அவள் அம்மா பயந்தே போய்விட்டாள். "பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிடுச்சாங்க?" என்றாள். "இல்லமா, நான்தான் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கையில் வேலை இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். பச்சையம்மா, உப்பு, கொடையாளி, நான் அடித்த ஜோக், நீ குளிக்கப் போனது, நான் அழித்தது, எல்லாம் சொன்னேன். அவள் அம்மா கை நின்றுவிட்டது. ரேவதி கை நிற்கவில்லை. குனிந்தபடியே ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பத்தி எங்கயும் போகலியாமே, ஒரு தட்டு தட்டினா திரும்ப வந்துடுமாமே? நீயே இப்ப போட்டுடு கண்ணு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றேன்.

"வரும்மா. அது எப்பவோ தெரியும். நான் போட மாட்டேன்."

"ஏன்? சார் எடுக்கலன்னுதான் தெரிஞ்சிடுச்சே?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "சார் எடுக்கலன்னா, அப்ப அதைப் படிச்சாரா இல்லையாம்மா?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா கேக்கற?"

"இருந்தப்ப படிச்சிருந்தா, காணோம்னு தெரிஞ்சிருக்கும் இல்ல? ஏன் காணோம்னு என்னைக் கேட்டிருப்பாரு இல்ல?" கையில் இருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டாள். "சார் படிச்சுட்டு வேணாம்னு எடுத்தாருன்னு நினைச்சிக்கினு இருந்தேன். படிக்கவாவது செஞ்சாருன்னு."

அவள் அழவில்லை. அவள் அம்மாதான், "அதெல்லாம் அப்படிப் பேசாதடி, வாத்தியாரு" என்று அடக்கினாள். நான், "தெரியலியேம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். தெரியும்டா எனக்கு. நீ கடைசியில் பட்டியலைத்தான் பார்த்தாய். யார் எத்தனை தடவை எழுதினார்கள் என்று எண்ணிக்கை போட்டுக் காட்டுகிற பட்டியல். அதற்கும் நான் உன்னைக் குறை சொல்கிற இடத்தில் இல்லை. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், படித்து அழித்தேன். நீ படிக்காமல் விட்டாய். இரண்டில் எது அவளை அதிகம் வருத்தியது என்று அவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாமா? பிள்ளைகள் சேர்ந்து எழுத மாட்டார்கள் என்று நீ கோயம்புத்தூருக்கு ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு போகிறாய். எழுதினார்கள்டா. படிக்கிறதுக்கு ஆள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது அவள்தான் என் போனில் எனக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாள். இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்காமல் அந்தப் பேச்சுப் பக்கத்திலேயே போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "பச்சையம்மாவோட பேரு போடணும்னா அவங்களக் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள். எனக்கு அந்தப் புத்தி இருந்ததா பார். திரும்பும் வழியில் இறங்கிப் போய்க் கேட்டேன். பச்சையம்மா கதவுக்குள்ளேயே நின்றுகொண்டு, "போடு. பேரோட போடு" என்றாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அது எனக்கும் அவளுக்கும் இருக்கிற விஷயம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ செய்ய வேண்டியது, போய் அந்தப் பக்கத்தைப் படிப்பது. மேலிருந்து கீழ் வரைக்கும், நான் அழித்தது உட்பட, பதிவைத் திறந்து. படித்துவிட்டு அந்தப் பத்தி இருக்கலாமா, வேண்டாமா, சரியா, தப்பா என்று உன் பேரில் அவளுக்கு எழுது. நன்றாக இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அதைத் தாங்குவாள். எனக்காக மார்க் போடாதே. படித்ததற்குப் போடு.

அவளுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. அவள் அண்ணன் மில் வேனில் ஐந்து மணிக்கு வந்து இறங்கி, குளித்துச் சாப்பிடுகிற ஒரு மணி நேரம்தான் போன் அவள் கைக்கு வரும். நீ எண்ணிப் பார்த்த அந்த இரண்டு நாள் எழுத்தும் அப்படி எழுதியதுதான். நேற்று சாயங்காலம் திறந்து பார்த்திருப்பாள், ஒன்றும் இருந்திருக்காது. இன்றைக்கும் திறப்பாள்.

நான் இப்போது சேமி கொடுக்கப் போகிறேன், என் பேரில், கட்டத்தில் காரணமும் எழுதி. மணி நாலு பத்து. டேப்பைக் கீழே வை, படி.